கத்தியோட கூர்மையைப் பார்க்காதீங்க... ஆணியைப் பாருங்க!

போன வருஷம், மாம்பழ சீசன். நண்பர்கள் நாலு பேர் ஏற்காட்டில் ரூம் போட்டிருந்தோம். வரும் வழியில் சேலத்தில் வாங்கிய மல்கோவா ஒரு பை நிறைய இருந்தது. வெட்டத்தான் கத்தி இல்லை. "கவலைப்படாதீங்கடா" என்று பெருமையாக என் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தேன். ஆன்லைனில் 249 ரூபாய்க்கு வாங்கியது. கறுப்பு பிளேடு, ஆரஞ்சு கைப்பிடி, பார்க்க செம ஸ்டைலாக இருக்கும்.

இரண்டு பழம் ஒழுங்காக வெட்டியது. மூன்றாவது பழத்தில் கொட்டையை ஒட்டி மாட்டிக்கொண்டது. வெளியே இழுக்க லேசாகத் திருகினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி பிளேடு மடங்கி என் ஆள்காட்டி விரல் மேல் உட்கார்ந்திருந்தது. மூன்று தையல்.

ஊருக்குத் திரும்பியதும் நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். பிளேடு மொக்கையாக இருந்ததால்தான் பழத்தில் மாட்டியது, சாணை பிடித்தால் சரியாகிவிடும் என்று. எங்கள் தெருவுக்கு வரும் சாணை பிடிக்கும் பெரியவரிடம் கத்தியை நீட்டினேன். அவர் கூர் இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. பிளேடின் நுனியைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார். மடக்கினார், விரித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதுக்கு நான் சாணை பிடிக்க மாட்டேன் தம்பி. ஆணி ஆடுது. கூராக்கிக் குடுத்தா உன் விரலைத்தான் வெட்டும்."

வருகிற காசை வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அந்த 'ஆணி' என்னதான் செய்கிறது என்று அன்றைக்குத் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, இத்தனை நாள் கத்தி வாங்கும்போது தப்பான இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது புரிந்தது.

ஒரு ஆணி, மூணு வேலை

மடக்குக் கத்தியில் பிளேடும் கைப்பிடியும் சேரும் இடத்தில் ஓர் அச்சு இருக்கும். அதன் மேல்தான் பிளேடு சுழலும். கத்திப் பிரியர்கள் இதை 'பிவட்' என்கிறார்கள். பெரியவர் சொன்ன ஆணி இதுதான். உங்கள் பாட்டி வீட்டில் பாக்குவெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். இரண்டு பாதியும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு குமிழ் இருக்குமே, அதுவும் பிவட்தான். கத்தரிக்கோலின் நடுவில் இருக்கும் ஸ்க்ரூவும் அதேதான்.

ஆனால், பாக்குவெட்டியின் ஆணி தளர்ந்தால் பாக்கு சரியாக வெட்டாது, அவ்வளவுதான். மடக்குக் கத்தியில் அப்படி இல்லை. பிளேடு திரும்பி வரும் பாதையில்தான் நம் விரல்கள் இருக்கின்றன.

பிவட்டுக்கு மூன்று வேலைகள். ஒன்று, பிளேடை சிரமமில்லாமல் சுழல விட வேண்டும். இரண்டு, பக்கவாட்டில் ஆட விடக் கூடாது. மூன்று, வெட்டும்போது வருகிற அழுத்தத்தைத் தாங்க வேண்டும். முதல் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி. நன்றாக இறுக்கினால் ஆடாது, ஆனால் சுழலாது. தளர்த்தினால் வழுக்கிக்கொண்டு சுழலும், ஆனால் ஆடும்.

இந்த ஆட்டம் எவ்வளவு சின்னதாக ஆரம்பிக்கிறது என்பதற்கு ஒரு குட்டிக் கணக்கு. பிளேடின் அடிப்பாகம் கைப்பிடியின் உள்பக்கத்தோடு ஒட்டியிருக்கும் வட்டம் 10 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே 0.1 மி.மீ. இடைவெளி விழுந்துவிட்டது. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஏ4 தாள் கிட்டத்தட்ட அந்தத் தடிமன்தான் இருக்கும். பிளேடின் நீளம் 80 மி.மீ. என்றால், நுனியில் அந்த ஆட்டம் 8 மடங்காகி 0.8 மி.மீ. ஆகிவிடும். ஆணியில் ஒரு தாள் அளவு இடைவெளி, நுனியில் கண்ணுக்குத் தெரிகிற ஆட்டம். பெரியவர் ஏன் நுனியைப் பிடித்து ஆட்டினார் என்று இப்போது புரிகிறதா?

2,500 வருஷத்து ரிவிட்

'ரிவிட் அடிச்சுட்டான்' என்று நாம் கிண்டலாகச் சொல்கிறோமே, பிவட்டின் மிகப் பழைய வடிவம் அந்த ரிவிட்தான். பிளேடிலும் கைப்பிடியிலும் துளை போட்டு, ஓர் உலோகக் கம்பியைச் செருகி, இரண்டு முனைகளையும் சுத்தியலால் தட்டி காளான் தலை மாதிரி விரித்துவிடுவார்கள். கம்பி இனி வெளியே வராது.

மடக்குக் கத்தி என்பது நேற்றைய கண்டுபிடிப்பு இல்லை. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் கிடைத்த எலும்புக் கைப்பிடி போட்ட மடக்குக் கத்தி சுமார் 2,500 வருஷம் பழையது. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் ரோமானியர் காலத்து வெள்ளிக் கருவி ஒன்று இருக்கிறது. கத்தி, ஸ்பூன், முள்கரண்டி எல்லாம் ஒரே கைப்பிடிக்குள் மடங்கும். எல்லாமே அச்சில் சுழலும் சமாசாரம்தான்.

ரிவிட்டின் பலம், அது தானாகக் கழன்று வராது என்பது. பலவீனம், ஒரு தடவை தட்டிவிட்டால் தட்டியதுதான். இன்னும் கொஞ்சம் இறுக்கமாக வேண்டும் என்றால் சுத்தியலால் லேசாகத் தட்டலாம். கொஞ்சம் அதிகமாகத் தட்டிவிட்டால் பிளேடு அசையாது. தளர்த்த வழி கிடையாது.

ஸ்பிரிங்கும் 'டக்' சத்தமும்

ரிவிட் பிளேடைச் சுழல விடும், சரி. விரித்த பிளேடு விரித்தபடியே நிற்க என்ன வழி?

நம் தாத்தாக்கள் வைத்திருந்த பேனாக்கத்தியில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. கைப்பிடியின் முதுகில் ஒரு பட்டை ஸ்பிரிங் ஓடும். அது பிளேடின் அடிப்பாகத்தை எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். அடிப்பாகத்தைத் தட்டையான பக்கங்கள் வருகிற மாதிரி செதுக்கியிருப்பார்கள். ஸ்பிரிங் ஒரு தட்டையான பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் பிளேடு அங்கேயே நிற்கும். மடக்க வேண்டும் என்றால் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு போகிற அளவுக்கு அழுத்த வேண்டும். சிலவற்றில் பாதி மடங்கியதும் ஒரு நிறுத்தம் இருக்கும். விரல் மேல் பிளேடு ஒரே வீச்சில் வந்து விழாமல் இருக்க அந்த ஏற்பாடு.

இதில் பூட்டு எதுவும் கிடையாது என்பதை மறந்துவிடக் கூடாது. ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டும்தான். இந்த வகைக் கத்தியில் பிவட்டுக்கு ஓய்வே இல்லை. நீங்கள் வெட்டாமல் பாக்கெட்டில் போட்டிருந்தாலும் ஸ்பிரிங் பிளேடை ஆணியோடு சேர்த்து அழுத்திக்கொண்டேதான் இருக்கும்.

இந்த வடிவத்தில் உலகப் புகழ் பெற்றது சுவிஸ் கத்தி. சுவிட்சர்லாந்தின் ஈபாக் என்ற ஊரில் 1884-ல் கத்திப் பட்டறை தொடங்கிய கார்ல் எல்ஸனர், 1891-ல் அந்த நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். சிப்பாய்களுக்கான அந்தக் கத்தி கனமானது. அதைவிட எடை குறைந்த, கருவிகள் அதிகமுள்ள ஒன்றைச் செய்ய முயன்றார். 1897-ல் வந்த அந்த ஆபீஸர் கத்தியில் 6 கருவிகள். ஆனால் ஸ்பிரிங் இரண்டே இரண்டு. ஒரே ஸ்பிரிங் கைப்பிடியின் இரு புறமும் இருக்கும் கருவிகளுக்கு வேலை செய்கிற மாதிரி அமைத்ததுதான் அவருடைய சாமர்த்தியம். இன்று நாம் விக்டோரினாக்ஸ் என்று அழைக்கும் பிராண்டின் அடித்தளம் அது. அந்தக் கத்தியைத் திறக்கும்போது கேட்கும் 'டக்' சத்தம், ஸ்பிரிங் தட்டையான பக்கத்தில் உட்காரும் சத்தம்.

கட்டைவிரல்தான் பூட்டு

ஸ்பிரிங்கும் வேண்டாம், பூட்டும் வேண்டாம் என்றால்? ஜப்பானின் ஹிகோனோகாமி கத்தி அப்படித்தான். ஹியோகோ மாகாணத்தில் மிகி என்ற ஊர், கைக்கருவிகளுக்குப் பேர் போனது. 1890-களில் அங்கே உருவான இந்தக் கத்தியில் மொத்தமே ஒரு பிளேடு, மடித்த தகட்டுக் கைப்பிடி ஒன்று, ஒரு ரிவிட். அவ்வளவுதான். பிளேடின் அடியிலிருந்து வால் மாதிரி ஒரு நெம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருக்கும் வரை பிளேடு மடங்காது.

ரிவிட்டின் உராய்வும் உங்கள் கட்டைவிரலும் மட்டும்தான் பாதுகாப்பு. நாளாக நாளாக ரிவிட் தளர்ந்தால், கெட்டியான இரும்பின் மேல் வைத்து சுத்தியலால் மெல்லத் தட்டி இறுக்கிக்கொள்வார்கள். ஒரு காலத்தில் ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவியது இதில்தான். 1960-களில் 'பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம்' என்ற பிரசாரம் பரவியதும் விற்பனை படுத்துவிட்டது. பதிவு பெற்ற அந்தப் பெயரில் இன்றும் செய்துகொண்டிருப்பது மிகியில் உள்ள நாகாவோ கானேகோமா பட்டறை மட்டும்தான்.

மழையில் வீங்கும் கத்தி

அதே 1890-ல் பிரான்ஸின் ஆல்ப்ஸ் மலைப்பகுதியான சவ்வாவில் ஜோசப் ஓப்பினெல் என்ற இளைஞர் ஒரு விவசாயிக் கத்தியைச் செய்தார். உருண்டையான மரக் கைப்பிடி, நடுவில் ரம்பத்தால் அறுத்த ஒரு பள்ளம், அதற்குள் மடங்கும் பிளேடு, குறுக்கே ஒரு ஆணி. 1897-ல் 1 முதல் 12 வரை நம்பர் போட்டு 12 சைஸில் கொண்டுவந்தார். அதில் 8-ம் நம்பர்தான் இன்று பலரும் வாங்குவது. 8.5 செ.மீ. பிளேடு.

மரத்தில் பிவட் வைத்தால் ஒரு சிக்கல் உண்டு. மரம் ஈரத்தைக் குடித்து வீங்கும். நம்ம ஊர் கார்த்திகை மழையில் கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு திறக்க மறுக்கிறதே, அதே கதை. பள்ளத்தின் இரு பக்கமும் வீங்கி பிளேடைக் கவ்விக்கொள்ளும், நகம் போட்டு இழுத்தாலும் வராது. சவ்வா ஊர்க்காரர்கள் இதற்கு ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். மடக்கிய கத்தியின் கைப்பிடி முனையை மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். அந்த அதிர்ச்சியில் பிளேடு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். பிறகு விரலால் விரித்துக்கொள்ளலாம். ஓப்பினெல் வைத்திருப்பவர்கள் அதைத் தண்ணீரில் ஊறப் போடக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

மடங்காமல் நிற்க, 1955-ல் மார்செல் ஓப்பினெல் ஓர் எளிய வழி கண்டுபிடித்தார். பிவட்டைச் சுற்றி ஓர் உலோக வளையம். அதில் ஒரு பிளவு. பிளவு பள்ளத்துக்கு நேராக இருந்தால் பிளேடு மடங்கும். பிளேடை விரித்து வளையத்தைக் கொஞ்சம் திருகினால், மடங்கும் வழியை வளையம் அடைத்துவிடும். 2000-க்குப் பிறகு, மடக்கிய நிலையிலும் பூட்டிக்கொள்ளும்படி அதை மாற்றினார்கள். பையில் தானாகத் திறந்துகொள்ளும் பயம் போனது.

ஸ்க்ரூ வந்தது... சோதனையும் வந்தது

இதுவரை பார்த்த கத்திகளில் பெரும்பாலானவற்றை இரண்டு கையால்தான் திறக்க வேண்டும். பிளேடில் இருக்கும் நகக்குழியில் நகத்தைப் போட்டு இழுக்க வேண்டும். 1981-ல் அமெரிக்காவின் ஸ்பைடர்கோ நிறுவனம், பிளேடில் ஒரு வட்டத் துளை போட்ட கத்தியைக் கொண்டுவந்தது. துளையில் கட்டைவிரலை வைத்துத் தள்ளினால் ஒரே கையில் திறந்துவிடும். ஒரே கை, ஒரே விரல் என்று ஆனதும் பிவட் 'ஸ்மூத்'தாக இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தது. கிட்டத்தட்ட அதே காலத்தில், மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கைவினைஞர் பழைய லைனர் லாக் யோசனையைச் செம்மைப்படுத்தினார். கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகட்டின் ஒரு பகுதி நாக்கு மாதிரி வளைந்து வந்து, விரிந்த பிளேடின் பின்னால் முட்டுக்கொடுக்கும். என் 249 ரூபாய்க் கத்தியில் இருந்ததும் அதன் சீப்பான காப்பிதான்.

இப்படிப்பட்ட கத்திகளில் ரிவிட் போய் ஸ்க்ரூ வந்தது. நட்சத்திர வடிவத் தலை கொண்ட டார்க்ஸ் ஸ்க்ரூ. தளர்ந்தால் நாமே இறுக்கலாம். கழற்றித் துடைக்கலாம். ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடித்த இறுக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். செம விஷயம்தானே?

ஒரு சிக்கல். பிளேடு ஒவ்வொரு தடவை சுழலும்போதும், உராய்வால் ஸ்க்ரூவையும் கூடவே இழுக்கப் பார்க்கும். நூறு தடவை திறந்து மூடினால் ஸ்க்ரூ தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கழலும். இதற்கு மூன்று தீர்வுகள் இருக்கின்றன.

முதலாவது, பிவட்டின் உடம்பில் ஒரு பக்கத்தைத் தட்டையாகச் சீவி, ஆங்கில 'டி' எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவருவது. கைப்பிடித் துளையும் அதே வடிவத்தில் இருக்கும். அதனால் பிவட் கூடவே சுற்றாது. நல்ல கத்தியில் ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவரால் பிவட்டை இறுக்க முடிவது இதனால்தான். இது இல்லாத கத்தியில் ஒரு பக்கம் திருகினால் மறுபக்கமும் சேர்ந்து சுற்றும், எரிச்சலாக இருக்கும்.

இரண்டாவது, திரெட்லாக்கர் என்ற பசை. மரையில் ஒரு சொட்டு விட்டால் அதிர்வில் கழலாது. நீல நிறம்தான் வாங்க வேண்டும், ஸ்க்ரூடிரைவரால் மறுபடி கழற்றலாம். சிவப்பு போட்டுவிட்டால் சூடு காட்டாமல் கழற்ற முடியாது.

மூன்றாவது, கொஞ்சம் காஸ்ட்லி. தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த கிறிஸ் ரீவ் வடிவமைத்த 'செபன்ஸா' என்ற கத்தி இதற்குப் புகழ் பெற்றது. ஜூலு மொழியில் அந்தப் பெயருக்கு 'வேலை' என்று அர்த்தம். அதில் பிவட்டைச் சுற்றி ஒரு சின்ன குழாய் இருக்கும், பெயர் புஷ். அந்தக் குழாயின் நீளம், பிளேடின் தடிமனையும் இரு பக்க வாஷர்களையும் சேர்த்ததைவிட ஒரு துளி மட்டும் அதிகம். ஸ்க்ரூவை எவ்வளவு இறுக்கினாலும் அழுத்தம் முழுவதும் குழாய் மேல்தான் போகும், பிளேடு மேல் போகாது. 'எவ்வளவு இறுக்கலாம்' என்ற கேள்வியே எழாது, முழுசா இறுக்கிவிட வேண்டியதுதான். அந்த 'ஒரு துளி'யைத் துல்லியமாகக் கடைவதற்குத்தான் காசு. அந்தக் கத்தி 400 டாலரைத் தாண்டும்.

வாஷரா, பேரிங்கா?

யூடியூபில் கத்தி ரிவ்யூ பார்ப்பவர்கள் அடிக்கடி சண்டை போட்டுக்கொள்ளும் விஷயம் இது. பிளேடுக்கும் கைப்பிடித் தகட்டுக்கும் நடுவில் என்ன இருக்க வேண்டும்?

விலை குறைந்த கத்திகளில் நைலான் வாஷர் இருக்கும். மலிவு, துருப்பிடிக்காது, ஆனால் அமுங்கித் தேய்ந்துவிடும். அடுத்த நிலை, பாஸ்பர் பிரான்ஸ் வாஷர். வெண்கலத் தகடுதான். புதிதில் கொஞ்சம் கரகரவென்று இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த மேற்பரப்பு வழவழப்பாகி, திறப்பதே சுகமாகிவிடும். வாஷர் முழுப் பரப்பிலும் பிளேடைத் தாங்குவதால் பக்கவாட்டு அழுத்தத்தையும் தாங்கும்.

இன்னொன்று பால் பேரிங். சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் அதே தத்துவம், கடுகு அளவு குண்டுகள். உரசுவதற்குப் பதிலாக உருளுவதால், விரலால் தட்டினாலே பிளேடு விர்ரென்று திறக்கும். ஆனால் ஒவ்வொரு குண்டும் தகட்டை ஒரு புள்ளியில்தான் தொடுகிறது. தகடு மென்மையான உலோகமாக இருந்தால் நாளடைவில் குழி விழும். அதனால்தான் டைட்டானியம் கைப்பிடி போட்ட நல்ல கத்திகளில் குண்டுகள் ஓட கடினமான ஸ்டீல் வளையம் ஒன்று தனியாக வைப்பார்கள். மெரினாவில் உட்கார்ந்து மாங்காய் நறுக்கினால், ஒரு மணல் துகள் உள்ளே போனாலே பேரிங் கரகரக்கும்.

எது பெஸ்ட்? கத்தியை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதுதான் கேள்வி. பழம், பார்சல் டேப், கயிறு என்று தினசரி வேலைக்கு, டிராவலுக்கு என்றால் வெண்கல வாஷரோ, நல்ல ரிவிட்டோ போதும். பேரிங் என்பது பெரும்பாலும் திறந்து மூடும் சுகத்துக்காக.

என் விரலை வெட்டியது யார்?

இப்போது ஏற்காட்டுக்குத் திரும்பலாம். விரிந்த மடக்குக் கத்தியின் பிளேடு மூன்று புள்ளிகளில் நிற்கிறது. பிவட் ஒன்று. பிளேடு அதற்கு மேல் பின்னால் போகாமல் தடுக்கும் குட்டித் தடுப்பு ஊசி ஒன்று. பின்னால் முட்டுக்கொடுக்கும் பூட்டு ஒன்று. மூன்றும் ஒரு முக்கோணம். மூன்றும் அசையாமல் இருந்தால் பிளேடும் அசையாது.

என் கத்தியில் பிளேடின் துளை ஆணியைவிடப் பெரிதாக இருந்தது. கழற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆணியைச் செருகி ஆட்டினால் லொடலொடவென்று ஆடியது. நான் பழத்தில் திருகியபோது பிளேடு சற்றே சாய்ந்தது. அதன் பின்புறம், முட்டுக்கொடுத்திருந்த நாக்கிலிருந்து வழுக்கியது. பூட்டு உடையவில்லை, வளையவும் இல்லை. பிவட் அதற்குச் சரியான இடத்தைக் கொடுக்கவில்லை. பிளேடு மட்டும் கூர்மையாக இருந்திருந்தால்? மூன்று தையலோடு போயிருக்காது.

கூர்மையை யாரும் சீக்கிரம் சரி செய்துவிடலாம். தெருவில் சாணை பிடிக்கலாம், வீட்டில் கல்லில் தீட்டலாம். மோசமாகத் துளை போட்ட பிவட்டை யாராலும் சரி செய்ய முடியாது.

வாங்கும்போது 5 சோதனைகள்

1. பக்க ஆட்டம்: கத்தியை விரித்து, பிளேடின் முதுகுப் பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து இடமும் வலமும் மெல்ல ஆட்டுங்கள். துளியும் அசையக் கூடாது. ஸ்க்ரூ பிவட் என்றால் கொஞ்சம் இறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். இறுக்கியும் ஆடினால் வேண்டாம்.

2. மேல் கீழ் ஆட்டம்: பூட்டு உள்ள கத்தியில் பிளேடை முதுகுப் பக்கமாகவும் கூர்ப் பக்கமாகவும் லேசாக அசைத்துப் பாருங்கள், கூரில் விரல் படாமல். இது ஆடினால் ஸ்க்ரூவை இறுக்கிப் பிரயோஜனம் இல்லை. துளையோ, பூட்டோ, தடுப்பு ஊசியோ சரியில்லை என்று அர்த்தம்.

3. நடு சென்டர்: மடக்கிய நிலையில் கைப்பிடிக்குள் பாருங்கள். பிளேடு நட்டநடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கத் தகட்டை உரசிக்கொண்டிருந்தால் அச்சு கோணலாக இருக்கலாம்.

4. பூட்டு: விரல்கள் எல்லாம் பிளேடு மடங்கும் பாதைக்கு வெளியே இருக்கட்டும். பிளேடின் முதுகை மேஜை விளிம்பில் வைத்து நிதானமாக அழுத்துங்கள். கழலக் கூடாது. சிலர் வீடியோவில் செய்வது மாதிரி ஓங்கி அடிக்க வேண்டாம், நல்ல கத்தியும் கெடும். பேனாக்கத்தி வகைக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதற்குப் பூட்டே கிடையாது.

5. காது: மெதுவாகத் திறந்து மூடுங்கள். சீரான இழுவையும், முடிவில் தெளிவான ஒரு 'டக்'கும் கேட்க வேண்டும். கரகர சத்தமும் நடுவில் திடீர் இறுக்கமும் நல்ல அறிகுறி இல்லை.

பராமரிப்பு... 5 நிமிஷ வேலை

பிவட்டின் முதல் எதிரி அழுக்கு. பழச்சாறு உள்ளே காய்ந்தால் பசை மாதிரி ஆகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, உடனே நன்றாக உலர்த்துங்கள். மரக் கைப்பிடி என்றால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். இடுக்கில் இருக்கும் தூசியைப் பல் குத்தும் குச்சியால் எடுக்கலாம்.

பிறகு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் ஓகே. பழம் நறுக்கும் கத்தி என்றால் உணவுத் தர மினரல் ஆயில் நல்லது. 'வீட்ல தேங்காய் எண்ணெய் இருக்கே' என்று அதை ஊற்றாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், ஊட்டி டிரிப்பில் கத்தி திறக்காது. நாள்பட்டால் சிக்கு நாற்றமும் வரும்.

ஸ்க்ரூவை இறுக்கும்போது சரியான அளவு டார்க்ஸ் பிட் வேண்டும். அளவு பொருந்தாததை வைத்துத் திருகினால் தலை வழுவழுவென்று தேய்ந்துவிடும். ஒரு சுற்றில் எட்டில் ஒரு பங்கு மட்டும் திருகி, பிளேடைச் சுழற்றிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு எட்டில் ஒரு பங்கு.

சட்டம் என்ன சொல்லுது?

2016 ஆயுத விதிகளின் பட்டியலில், 9 இன்ச்சுக்கு மேல் நீளமோ, 2 இன்ச்சுக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு கொண்ட கத்திகள் ஆயுதங்களாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் போன்றவற்றுக்காக வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு. பழம் நறுக்கும் 3 இன்ச் மடக்குக் கத்தி இந்த அளவுக்குள் வராது. பட்டன் அழுத்தினால் பாய்ந்து திறக்கும் ஸ்பிரிங் கத்திகள் பக்கம் போகவே வேண்டாம், டெல்லி போன்ற இடங்களில் அவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. விமானத்தில் எந்தக் கத்தியும் கைப்பையில் கூடாது, செக்-இன் லக்கேஜில் போடுங்கள். பொதுக்கூட்டம், திருவிழாக் கூட்டம் என்றால் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

அந்த 249 ரூபாய்க் கத்தியை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. பிளேடையும் கைப்பிடியையும் தனித்தனியாகக் கழற்றி, ஒரு டப்பாவில் போட்டு மேஜை மேல் வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு சாதாரண பேனாக்கத்தி வாங்கினேன். பூட்டு இல்லை, பேரிங் இல்லை, ஒரு ரிவிட், ஒரு ஸ்பிரிங். அடுத்த முறை அந்தப் பெரியவர் தெருவில் மணி அடித்துக்கொண்டு வந்தபோது எடுத்துக்கொண்டு ஓடினேன். நுனியைப் பிடித்து ஆட்டினார். மடக்கினார், விரித்தார், 'டக்' சத்தத்தைக் கேட்டார்.

"ம்... இதைக் குடு" என்றபடி மிதியில் காலை வைத்தார்.